பொடக்காலிக் கதவில் பூனைக்கு ஒரு வழி: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீட்டுப் பொடக்காலிக் கதவில், அதாவது கொல்லைக் கதவில், பூனைக்கதவு (பூனை தலையால் தள்ளிப் போய்வர, மடல் ஆடுகிற சின்னக் கதவு) வைத்து வருகிற மாசியோடு மூன்று வருடம் ஆகிறது. வைத்த முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். அந்த வருட ஆடிக்காற்றில் எழுதியிருந்தால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். தினமும் புழங்கிப் பார்த்த பிறகுதான் எது அந்தப் பொருளின் குறை, எது நாங்கள் மாட்டின விதத்தில் வந்த குறை என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. கதவை அறுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வீடு கிணத்துக்கடவுக்குப் பக்கம், பின்னால் தென்னந்தோப்பு. பூனைகள் இரண்டு. செவலை கடுவன், கருத்தடை செய்தது, நாலரைக் கிலோ இருக்கும். மயிலை பெட்டை, மூன்று கிலோகூட இல்லை. பேர் வைத்தது அப்பா. காங்கயம் மாட்டுக்குச் சொல்கிற நிறப் பெயரையே பூனைக்கும் வைத்துவிட்டார்.

அம்மிச்சி இருந்த ஓட்டு வீட்டில் பூனைக்குக் கதவு என்ற பேச்சே வந்ததில்லை. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நுழையும், விட்டத்தில் நடக்கும், அட்டாலியில் குதித்து இறங்கும். எப்போது வந்தது, எப்போது போனது என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இப்போது இருக்கிற கான்கிரீட் வீட்டில் அப்படி ஒரு சந்து இல்லை. ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை. செவலை அதில் இரண்டைக் கிழித்துவிட்டது. அதைவிடப் பெரிய கஷ்டம் அம்மாவுக்கு. விடியற்காலை நாலரைக்குக் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டால் முட்டிவலியோடு எழுந்துபோய்த் திறந்து விடுவார். பத்து நிமிஷத்தில் உள்ளே வரணும் என்று மறுபடி கத்தும். ஒருநாள் எத்தனை தடவை எழுந்தார் என்று எண்ணிப் பார்த்தேன், பதினோரு தடவை. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

முன்கதவைத் தொடக் கூடாது என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சு. பொட்டு வைத்துக் கும்பிடுகிற நிலைவாசல் அது. பொடக்காலிக் கதவுக்கும் அப்பா எளிதில் ஒப்பவில்லை. “பூனைக்கு வுட்ட வழியில பாம்பு வராதா அம்மிணி?” என்று கேட்டார். அந்தக் கேள்வி சரியான கேள்வி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, அதற்கு வருகிறேன். அப்போது அவரைச் சம்மதிக்க வைத்தது வேறு ஒரு விஷயம். இங்கிலாந்தில் எக்ஸிடர் என்ற ஊர்ப் பேராலயத்தில், பெரிய கடிகாரத்துக்குக் கீழே இருக்கிற கதவில் வட்டமாக ஒரு ஓட்டை உண்டு. 1598-இல் அந்த ஊர் பிஷப் தச்சர்களுக்கு எட்டுப் பென்னி கூலி கொடுத்து, எலி பிடிக்கத் தன் பூனை போய்வர வெட்ட வைத்த ஓட்டை. இதைப் படித்துக் காட்டினேன். “அங்கியும் எலிதானா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “கோயில் கதவையே அறுத்திருக்கறாங்கன்னா நம்ம பொடக்காலிக் கதவென்ன” என்று அவரே சொல்லிவிட்டார்.

வாங்கும்போது மூன்று வகை பார்த்தேன். கழுத்துப்பட்டையில் காந்தம் கட்டினால் திறக்கிறது ஒரு வகை. தோப்புக்குள் மரம் ஏறுகிற பூனைக்குக் கழுத்தில் பட்டை கட்ட எனக்கு மனசில்லை, கிளையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது. இன்னொன்று, பூனையின் தோலுக்கடியில் வைக்கிற அரிசி அளவு சிப்பைப் படித்துவிட்டு அந்தப் பூனைக்கு மட்டும் திறக்கிறது. சிப்புக்குள் பேட்டரி கிடையாது, 15 இலக்க எண் மட்டும்தான். கதவுக்குத்தான் பேட்டரி வேண்டும். நல்ல பொருள்தான், ஆனால் விலை பல மடங்கு. நாங்கள் எடுத்தது மூன்றாவது வகை. கையால் திருகுகிற நாலு நிலைப் பூட்டு: இரண்டு பக்கமும் திறப்பு, உள்ளே வர மட்டும், வெளியே போக மட்டும், முழுப் பூட்டு. விலை 1,900 ரூபாய். பூட்டே இல்லாத, வெறும் மடல் ஆடுகிற மாதிரியும் இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதை எங்கள் பக்கம் யாரும் வாங்க வேண்டாம்.

கதவு 32 மில்லிமீட்டர் பிளஷ் டோர். ஆசாரி அண்ணன் முதலில் விரல் முட்டியால் கதவு முழுக்கத் தட்டிப் பார்த்தார். உள்ளே கட்டை நிறைந்த கதவா, கூடா என்று தெரிந்துகொள்ளத்தான். கூடு கதவாக இருந்தால் வெட்டின இடத்தில் சுற்றிலும் கட்டை அடைத்து ஒட்டியாக வேண்டும். எங்களது நிறைந்த கதவு. கதவைக் கழற்றி இரண்டு ஸ்டூல் மேல் படுக்கப் போட்டார். கூடவே வந்த அளவு அட்டையை ஒட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, நாலு மூலையிலும் டிரில் போட்டு, ஜிக்சா மிஷினில் அறுத்தார். கோட்டின் மேல் காகித டேப் ஒட்டி அறுத்ததால் மேல்தகடு சிலாம்பு கிளம்பவில்லை. அறுத்து முடித்ததும் ஒன்று சொன்னார்: “ஓரத்துக்குப் பிரைமர் அடிக்காம மாட்டுனா ஐப்பசி மழையில ஊறிப் புடைச்சுக்குமுங்க.” இரண்டு கோட் அடித்து, ஒருநாள் காயவிட்டு, சுற்றிலும் சிலிக்கான் வைத்துத்தான் சட்டத்தை மாட்டினோம். மூன்று மழைக்காலம் பார்த்த அந்த ஓரம் இன்னும் அப்படியே இருக்கிறது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு இது தோன்றியே இருக்காது.

மாட்டின பிறகு ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டுப் பார்த்தேன். கீழ்த் தாழ்ப்பாள் எட்டியது! ஒரு குச்சி இருந்தால் திருடனுக்கு இன்னும் சுலபம். அன்றே தாழ்ப்பாளைக் கழற்றி மேலே மாற்றினோம்.

இனி நாங்கள் செய்த பெரிய தப்பு. மடலின் கீழ்விளிம்பு பூனையின் வயிற்று உயரத்துக்கு வர வேண்டும் என்பது கணக்கு. செவலையை நிற்க வைத்து அளந்து, உள்தரையிலிருந்து ஆறு அங்குலத்தில் கோடு போட்டோம். வெளியே படி ஏழு அங்குலம் இறக்கம் என்பதை யாருமே நினைக்கவில்லை. அதாவது வெளியே இருந்து வருகிற பூனைக்கு அது பதின்மூன்று அங்குலம். செவலை எம்பிக் குதித்து வந்துவிடும். மயிலையால் முடியவில்லை. முன்கால் இரண்டையும் விளிம்பில் வைத்து, மூக்கால் மடலைத் தொட்டுவிட்டு, அப்படியே நின்று கத்தும். நாங்கள் அது பயந்த பூனை என்றே நினைத்தோம். மூன்று வாரம் கழித்து அம்மாதான் கீழே உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அதுக்கு எட்டலை சாமி” என்றார். செங்கல்லை இரண்டு வரிசை அடுக்கி மேலே ஒரு கடப்பாக் கல் போட்டோம். அன்று சாயங்காலமே மயிலை உள்ளே வந்தது.

பழக்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு வாரம் மடலை டேப் போட்டு மேலே தூக்கி ஒட்டிவிடுங்கள், அந்தப் பக்கம் நெத்திலிக் கருவாடு வையுங்கள். பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். பிடித்து உள்ளே தள்ள மட்டும் கூடாது. ஒரு தடவை தள்ளினால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.

ஆனியில் காற்று தொடங்கியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. எங்கள் பொடக்காலிக் கதவு மேற்குப் பார்த்தது. மடலைப் பிடித்து நிறுத்த அடியில் சின்னக் காந்தம் இருக்கிறது, ஆடிக்காற்றுக்கு அது எம்மாத்திரம். இரவு பூராவும் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. சமையலறை முழுக்க மண். அலமாரிக்குப் போடுகிற காந்தம் ஒன்றைக் கூடுதலாக ஒட்டினேன். சத்தம் நின்றது, மயிலையும் நின்றுவிட்டது. அதன் தலையால் தள்ளித் திறக்க முடியவில்லை. காந்தத்தைக் கழற்றிவிட்டுச் சட்டத்தைச் சுற்றி மெல்லிய பஞ்சுப் பட்டை ஒட்டினேன், பாதிச் சத்தம் குறைந்தது. மீதியைத் தீர்த்தது ஆசாரி அண்ணன் சொன்ன யோசனை: கதவுக்கு இரண்டடி தள்ளி, முட்டி உயரத்துக்கு ஹாலோ பிளாக்கில் ஒரு குட்டைச் சுவர். காற்று அதில் மோதி மேலே போய்விடுகிறது, பூனை பக்கவாட்டில் சுற்றி வருகிறது. மேற்கோ தென்மேற்கோ பார்த்த கதவு என்றால் இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

முதல் வருட ஐப்பசியில், மழை விட்ட ஒரு ராத்திரி, இரண்டரை மணி இருக்கும். சமையலறையில் ஏதோ இழுபடுகிற சத்தம். விளக்கைப் போட்டால் செவலை வாயில் ஒரு பாம்பு, உயிரோடு. கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடுகள். அடுத்த அறையில் அம்மா தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். என் கை நடுங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவை எழுப்பிக் கட்டில்மேல் ஏறச் சொல்லிவிட்டு, பாம்பு பிடிக்கிற தம்பிக்குப் போன் செய்தோம். வந்து பார்த்து, விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்றார். கட்டுவிரியன் மாதிரியே இருக்கும். கட்டுவிரியனுக்குக் கோடு தலையை விட்டுத் தள்ளித் தொடங்கி வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும், இதற்குக் கழுத்துப் பக்கம் தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கிப்போகும் என்று காட்டினார். பகலில், அவர் கையில் பிடித்துக் காட்டும்போது தெரியும். ராத்திரி இரண்டரை மணிக்கு யாரும் குனிந்து கோடு எண்ணக் கூடாது. கட்டுவிரியன் இரவில் திரிகிற பாம்பு, தூங்குகிறவர்களைக் கடித்தால் பல சமயம் வலிகூடத் தெரியாது.

பாம்பு தானாக நுழையும் என்றுதான் அப்பா பயந்தார். பூனையே கவ்விக்கொண்டு வரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள்கூட மாறாத வழக்கம் இது: ஆறரைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுவோம், பூட்டை ‘உள்ளே வர மட்டும்’ நிலைக்குத் திருப்புவோம். இரண்டும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்து முழுப் பூட்டு. காலை ஆறு மணிக்குத்தான் திறப்பு. இதனால் உள்ளே மணல் தட்டு வைத்தே ஆக வேண்டும். பூனைக்கதவு வந்தால் மணல் தட்டு வேலை போய்விடும் என்று எண்ணி வாங்குகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் செவலை பூட்டின மடலில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. மடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் அதற்குத் திறந்த வழியாகத்தான் தெரிகிறது. பழைய காலண்டர் அட்டையைக் குறுக்கே செருகினோம். அட்டை இருந்தால் பூட்டு என்று நாலைந்து நாளில் புரிந்துகொண்டது. இப்போது அட்டையைப் பார்த்தாலே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறது.

பகலில் வேறு பூனை வருவதை இந்தக் கதவால் தடுக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்துக் கடுவன் ஒன்று வந்து சோற்றைத் தின்றுவிட்டு, அரிசி மூட்டைமேல் பீய்ச்சி வைத்துப் போயிற்று. சோற்றுத் தட்டைக் கதவோரத்திலிருந்து எடுத்து உள்ளறைக்கு மாற்றின பிறகு வருகை குறைந்தது, நிற்கவில்லை. உங்கள் தெருவில் கடுவன்கள் அதிகம் என்றால் சிப் வகைக்குக் காசு சேர்த்து வாங்குவதே சரி.

பொருளின் தரம் என்று பார்த்தால், சட்டமும் பூட்டும் நன்றாக உழைக்கின்றன. பூட்டுத் திருகின் மேல் இருந்த அம்புக்குறி அழிந்துபோனதால் நகச்சாயத்தில் புள்ளி வைத்துக்கொண்டோம். மடல்தான் ஏமாற்றியது. மேற்கு வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகி, இரண்டாவது சித்திரையில் மேல்மூலைக் காது உடைந்து தொங்கிவிட்டது. விற்றவர்களிடம் கேட்டால் மடல் தனியாகக் கிடைக்காது, முழுசாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். பொள்ளாச்சியில் ஒரு சைன்போர்டு கடையில் அதே கனத்தில் அக்ரிலிக் வெட்டி வாங்கி, மேலே துளை போட்டு, சைக்கிள் போக்ஸ் கம்பியை அச்சாகக் கோத்தோம். 250 ரூபாய்க்குள் முடிந்தது, முன்னைவிடச் சத்தமில்லாமல் ஆடுகிறது. வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைப்பேன். மயிர் சேர்ந்தால் மடல் முழுசாக மூடாது. சட்டத்தின் உள்மூலையில் பல்லி முட்டை வைக்கும், எறும்பு வரிசை கட்டும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மா இப்போது விடியற்காலையில் எழுவதில்லை. ஆறு மணிக்கு நான் அட்டையை எடுத்துப் பூட்டைத் திருப்பினால் செவலை முதலில் போகும், மயிலை வாசனை பிடித்துவிட்டுப் பின்னால் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை உடுமலையில் தங்கச்சி வீட்டுக்கு ஆசாரி அண்ணனோடு போயிருந்தேன். அவள் வீட்டுப் பின்கதவு டஃபன்டு கண்ணாடி. சூட்டில் பதப்படுத்தின அந்தக் கண்ணாடியை அப்புறம் அறுக்க முடியாது, அறுத்தால் முழுசும் சிதறிவிடும். அதனால் பக்கத்துச் சுவரில் ஒன்பது அங்குலக் கனத்துக்குக் குகை மாதிரி வைத்து மாட்டலாம் என்று பேசியிருக்கிறோம். அண்ணன் டேப்பை எடுத்தார். உள்ளே அளக்கப் போனவரை நிறுத்தி, முதலில் வெளித்தரைக்குக் கூட்டிப் போனேன்.