வில்லங்கச் சான்றில் தெரியாத நிபந்தனை

கும்பகோணத்தில் பாட்டனார் கிரயம் வாங்கிய காலிமனையில் கடைகள் கட்டி வாடகைக்கு விடும் எண்ணத்துடன் டொரன்டோவிலிருந்து ஊருக்குச் சென்றிருந்தேன். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிந்தது, அடமானம் எதுவுமில்லை. வழக்கறிஞரோ அதை ஓரமாக வைத்துவிட்டு, கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டார். அதற்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். பழைய புத்தகத்தைத் தேடி எடுப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்பதே பெரும்பாலும் பதில். மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

கிடைத்த நகலில், விற்றவர் தமக்கென வைத்துக்கொண்ட மேற்கு வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வர, அந்தப் பக்கம் பத்தடி அகலத்துக்கு எக்கட்டடமும் கட்டலாகாது என்றிருந்தது. யார் யாருக்கு எந்தச் சொத்தை எழுதிக்கொடுத்தார் என்பதை வில்லங்கச் சான்று காட்டுமே தவிர, பத்திரத்தினுள் எழுதிய இத்தகைய நிபந்தனைகளைக் காட்டாது.

இது செல்லுமா என்றேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தை எடுத்து வைத்து வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். கொடுத்த கட்டணத்துக்கு இந்த ஒரு மணி நேரமே போதும் என்று தோன்றியது. முழு உரிமையுடன் விற்ற சொத்தை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று கட்டளையிடுவது 11ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் விற்றவர் தம்முடைய இன்னொரு சொத்தின் நல்ல அனுபவத்துக்காக விதித்த கட்டுப்பாட்டுக்கு அதே பிரிவு விலக்களிக்கிறது. 40ஆம் பிரிவு, அதை அறிந்து வாங்கியவரையும் விலையின்றிப் பெற்றவரையும் கட்டுப்படுத்துகிறது. பத்திரம் பதிவாகியிருப்பதால், படிக்கவில்லை என்று வாங்குபவர் சொல்லித் தப்பவும் இயலாது. லண்டனின் லெஸ்டர் சதுக்கத்துத் தோட்டத்தில் கட்டடம் கட்டக் கூடாதென்று 1848இல் வந்த தீர்ப்பே இக்கொள்கைக்கு வேர் என்றும் சொன்னார்.

மேற்கு வீட்டின் இன்றைய உரிமையாளர் இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிப் பதிவு செய்தால் தடை நீங்கும். அந்த அம்மாளிடம் கேட்டபோது, தம் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கந்தான் என்று சொல்லி மறுத்துவிட்டார். பத்தடியை விட்டுக் கடைகளைக் குறுக்கி, பொறியாளர் புதிய வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறார்.