மோடத்துக்கு ‘டிரைவர் சார்ஜ்’ கேட்டால் உஷாராக இருங்கள்

தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போட, நிறுத்த ஒரு லினக்ஸ் போர்டு (லினக்ஸில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர்) வாங்கினேன். அங்கே பிராட்பேண்ட் கிடையாது, சிம் கார்டுதான் வழி. அதனால் குவெக்டெல் இசி25 4ஜி மோடத்தையும் அதே கடையில் எடுத்தேன். பில்லில் ‘டிரைவர் கஸ்டமைசேஷன் 3,500 ரூபாய்’ என்று தனியாக ஒரு வரி. டிரைவர் என்றால் மோடத்தை லினக்ஸோடு பேசவைக்கும் மென்பொருள். போர்டில் இருப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்பு, அதற்கு இந்த மோடத்தைத் தெரியாது, கெர்னலைத் திருத்தி கம்பைல் செய்ய (மறுபடி உருவாக்க) வேண்டும் என்றார்கள். நியாயமாகப் பட்டது, கொடுத்தேன்.

ரிமோட்டில் வந்து பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். நெட் வந்தது, ஆனால் ரொம்ப மெதுவாக. மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்ததும் போர்டுக்கு மோடமே தெரியவில்லை. போன் செய்தால், “சார், இது வாரண்டியில வராது, மறுபடி போட 1,500 ஆகும்” என்கிறார்கள். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரம். வேறு வழியில்லாமல் அதையும் கொடுத்தேன். அடுத்த கரண்ட் கட்டில் திரும்பவும் அதே கதை.

அன்று ராத்திரி போர்டின் ரூட் (அட்மின்) கணக்கில் அவர்கள் அடித்த கட்டளைகளின் ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன். இரண்டு முறையும் அதே இரண்டு வரிகள். ‘ஆப்ஷன்’ டிரைவரை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளை ஒன்று. மோடத்தின் 2சி7சி 0125 என்ற அடையாள எண்ணை அந்த டிரைவரின் நியூ ஐடி கோப்பில் எழுதும் எக்கோ கட்டளை இன்னொன்று. அவ்வளவுதான், கெர்னலை யாரும் தொடவே இல்லை! ஆப்ஷன் என்பது மோடங்களுக்காகக் கெர்னலிலேயே இலவசமாக இருக்கும் சீரியல் டிரைவர். நியூ ஐடியில் எழுதுவது ‘இந்த எண்ணையும் சேர்த்துக்கொள்’ என்று அதற்குத் தற்காலிகமாகச் சொல்வது மட்டுமே. ரீபூட் ஆனால் போய்விடும்.

வேகம் குறைந்ததும் இதனால்தான். இந்த மோடத்தில் ஐந்து இன்டர்ஃபேஸ் (இணைப்பு வழிகள்): 0 முதல் 3 வரை சீரியல், 4 நெட்வொர்க்குக்கு. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு எண்ணைக் கொடுத்தால் 4-ஐயும் ஆப்ஷனே பிடித்துக்கொள்ளும், நெட்வொர்க்கைக் கவனிக்கும் க்யூஎம்ஐ டபிள்யூவான் டிரைவருக்கு ஒன்றும் மிஞ்சாது. சீரியல் வழியாக டயல் செய்யும் பழைய பிபிபி முறையில்தான் இத்தனை நாளும் ஓடியிருக்கிறது.

திருத்தியதாகச் சொன்ன கெர்னலின் சோர்ஸையும் (மூல நிரல்) கான்ஃபிக் கோப்பையும் கடையில் கேட்டேன். கெர்னல் ஜிபிஎல் 2 என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் வருவது, திருத்திக் கொடுத்தவர் கேட்டால் சோர்ஸ் தரவேண்டும். அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை. 5,000 ரூபாய் போனது போனதுதான்.

அப்புறம் நானே புதிய கெர்னலை இறக்கி, மெனுகான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில், யூஎஸ்பி சீரியல் பகுதியில் ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ மோடம் டிரைவரையும், யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் பகுதியில் க்யூஎம்ஐ டபிள்யூவானையும் ‘எம்’ (தனி மாட்யூல்) என்று வைத்து கம்பைல் செய்தேன். இந்த மோடத்தின் எண் இரண்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது கரண்ட் போய் வந்தாலும் தானாக எழுந்துகொள்கிறது.

இப்படிப் போர்டு வாங்குகிறவர்கள் மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், கடையிலேயே ஒருமுறை கரண்டை நிறுத்திப் போடச் சொல்லுங்கள். எந்த யூஎஸ்பி கருவியை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மைனஸ் டி (-t) போட்டு ஓட்டுங்கள். இந்த மோடத்தின் ஐந்து வரியிலும் ஆப்ஷன் என்றே இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள்.