எல்எம்2596 பக் மாட்யூல் வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டு மின்னணுத் திட்டங்களுக்காக மைக்ரோகண்ட்ரோலரும் சர்க்யூட் வடிவமைப்பும் கற்றுவரும் பலரும், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பதற்கு எல்எம்2596 சிப் பொருத்திய பக் மாட்யூலைத்தான் முதலில் வாங்குகிறோம். அப்படி ஓர் இணையக் கடையில் நான் வாங்கிய ஐந்து மாட்யூல்களும் போலி என்பது, என் ஆர்டுயினோ நானோ என்ற சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டும் இரண்டு சென்சார்களும் பாழான பிறகே தெரியவந்தது.

செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் விடும் அமைப்பு ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். நானோ, மண் ஈரப்பத சென்சார்கள், சிறிய பம்புகள் எல்லாம் சேர்ந்து சுமார் 1.5 ஆம்பியர்தான் எடுத்தன. விற்பனைப் பக்கத்திலோ 3 ஆம்பியர் என்று எழுதியிருந்தார்கள். மாட்யூலில் உள்ள நீலநிற டிரிம்பாட்டின் திருகை மெல்லத் திருப்பி, மல்டிமீட்டரில் 5.00 வோல்ட் வரும்படி அமைத்தேன். அளவு அசையாமல் நின்றதால் நல்ல பொருள் என்றே நம்பிவிட்டேன். சுமை எதையும் இணைக்காமல் எடுத்த அளவு அது என்பதை அப்போது எண்ணிப்பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் நின்றுபோனது. வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் தலை புடைத்திருந்தது. விரல் வைக்க முடியாத சூடு. நானோவின் 5 வோல்ட் பின்னில் மீட்டர் 11.8 காட்டியது. பக் சர்க்யூட்டில், சிப்புக்குள் வேகமாகத் திறந்து மூடி மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுவிட்ச் ஷார்ட் ஆகிவிட்டால் உள்ளீட்டு மின்னழுத்தம் அப்படியே வெளியே வந்துவிடும். நானோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப் தாங்கக்கூடிய உச்சவரம்போ 6 வோல்ட்தான். என் வயரிங்தான் தவறு என்று எண்ணி இரண்டு இரவுகள் ஒவ்வொரு இணைப்பாகத் தேடினேன். கற்றுக்கொள்பவர் முதலில் தம்மையே சந்தேகிப்பார் என்பதுதான் இத்தகைய விற்பனையாளர்களுக்கு வசதியாகிவிடுகிறது.

பிறகு, மின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் நண்பரின் ஆஸிலோஸ்கோப்பில் மீதமிருந்த நான்கு மாட்யூல்களையும் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. அசல் எல்எம்2596 வினாடிக்கு 1,50,000 முறை, அதாவது 150 கிலோஹெர்ட்ஸில், சுவிட்ச் செய்ய வேண்டும். இவை நான்கும் 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே இயங்கின. இதை எண்ணில் சிறிய வித்தியாசமாகக் கருதிவிட வேண்டாம். மாட்யூலின் இண்டக்டர் (கம்பிச்சுருள்) மேல் 330 என்று அச்சிட்டிருந்தது. அது 33 மைக்ரோஹென்றி. 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்கையில், 150 கிலோஹெர்ட்ஸில் இந்த இண்டக்டரின் ரிப்பிள் மின்னோட்டம், அதாவது ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னோட்டம் ஏறி இறங்கும் அளவு, சுமார் 0.6 ஆம்பியர், 50 கிலோஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 1.8 ஆம்பியர். ரிப்பிள் மும்மடங்கானால், வெப்பம் அதன் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கெப்பாசிட்டருக்குள் ஒன்பது மடங்கு வெப்பம் உண்டாகிறது. அந்தக் கெப்பாசிட்டர் புடைத்ததில் வியப்பேதும் இல்லை.

விற்பனையாளர் நடந்துகொண்ட விதம்தான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. முதலில், நான் பிளஸ் மைனஸை மாற்றி இணைத்திருப்பேன் என்றார்கள். அலைவடிவப் படங்களை அனுப்பியதும், சால்டர் செய்த பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று எழுதினார்கள். அந்த மாட்யூலில் திருகு முனையே கிடையாது. நான்கு மூலைகளிலும் சால்டர் செய்வதற்கான துளைகள் மட்டுமே உள்ளன. சால்டர் செய்தால் திருப்பித்தர முடியாது, செய்யாவிட்டால் பயன்படுத்தவே முடியாது என்றால், அந்தத் திருப்பித்தரும் உரிமைக்கு என்ன பொருள்? சால்டர் செய்யாத நான்கையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு, பெற்ற நாளிலிருந்து பத்து நாள் கடந்துவிட்டது என்பதே பதில்.

ஆகவே, மாட்யூல் கைக்கு வந்த அன்றே சோதித்துவிடுங்கள். துளைகளில் முதலைக் கிளிப் மாட்டினால் சால்டர் தடயம் விழாது. மைக்ரோகண்ட்ரோலரை இணைக்காமல், வெளியீட்டை 5 வோல்ட்டாக அமைத்து, 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாகக் கொடுத்தால் 1 ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டரும் நன்றாகச் சூடாகும், அதைத் தொட வேண்டாம். அரை மணி நேரம் அப்படியே ஓடவிட்டு, வெளியீடு 5 வோல்ட்டிலேயே நிற்கிறதா, கெப்பாசிட்டர் சூடாகிறதா என்று பாருங்கள். ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்கள், ஹெர்ட்ஸ் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சிப்பின் இரண்டாம் பின்னிலும் மற்றொன்றைக் கிரவுண்டிலும் வைத்துப் பார்க்கலாம். 150 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் வராமல் 50 என்று வந்தால், சிப்பின் மேல் எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். என் நான்கு மாட்யூல்களிலும், தவறிக்கூட யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடாதபடி, சிப்பின் மேல் சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.