போதையும் சம்மதமும்: வண்ணார்பேட்டை வகுப்புக்குப் போகலாமா?

போதையில் இருக்கும்போது உடலுறவுக்குக் கொடுக்கும் சம்மதம் செல்லுமா என்பதைப் பற்றித் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நடந்த வகுப்புக்குப் போய் வந்தேன். கட்டணம் 200 ரூபாய், மதியச் சாப்பாடு உள்பட. ஆண், பெண், திருநங்கை, திருநம்பி எல்லாருக்கும் ஒரே அறை. பேர், ஊர் எதுவும் எழுதச் சொல்லவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. நான் பாளையங்கோட்டையில் மெடிக்கல் ஷாப்பில் நிற்பவன்; ஆண்களை விரும்புகிறவன். வீட்டுக்கு இது தெரியாது. என்னை மாதிரி ஆட்கள் நம்பிப் போய் உட்காரலாம்.

வகுப்பு நடத்திய அக்கா நேரே குற்றால சீசனை உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஐந்து பையன்கள் சேர்ந்து ரூம் போடுகிறார்கள். சாயங்காலம் அருவி, ராத்திரி பாட்டில். அதில் ஒருத்தனுக்கு இன்னொருத்தன் மேல் ஆசை, தெளிவாக இருக்கும்போது கேட்கப் பயம். "குடிச்சாத்தான் உனக்குக் கேக்க வருதுன்னா, குடிச்சுக் கெடக்கவன் சொல்லுத பதில எப்படி நம்புவ?" என்று கேட்டார். "அவன் வேண்டாம்னு சொல்லலியே அக்கா" என்றான் ஒரு தம்பி. "போதையில கெடக்கவன்கிட்ட பத்திரத்துல கைநாட்டு வாங்கினா ஊர் ஒத்துக்கிடுமா?" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்குக் குடி பெரும்பாலும் பயத்தை அமுக்கத்தான். மறுநாள் உடம்பும் மனசும் தப்பு நடந்ததைச் சொன்னாலும் யாரிடமும் போக முடியாது. "உங்க வீட்ல சொல்லிருவேன்" என்ற ஒரே மிரட்டல் போதும். விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண், "பொண்ணுகளுக்குள்ள இது நடக்கவே நடக்காதுன்னு நெனைக்காங்க. அதனாலயே எனக்குச் சொல்ல முடியல" என்றார். அன்றைக்கு நான் கேட்டதில் மிக முக்கியமான பேச்சு அதுதான்.

சட்டத்தைச் சுருக்கமாக, சரியாகச் சொன்னார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவுப்படி, என்ன நடக்கிறது என்று புரியாத அளவு போதையில் இருக்கும் பெண் கொடுக்கும் சம்மதம் செல்லாது. அது வல்லுறவுதான்; அந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. ஆனால் அந்தப் பிரிவு பெண்ணுக்கு மட்டும்தான். ஆணுக்கு இப்படி நடந்தால் வழக்குப் போட உதவிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு புதிய சட்டத்தில் இல்லை என்பதால், வயதுவந்த ஆணுக்கு நடந்தால் அதற்கென்று தனிப் பிரிவே கிடையாது. திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதில் பாலியல் கொடுமைக்கு அதிகபட்சத் தண்டனையே 2 ஆண்டு. எனக்கு வயிறு எரிந்தது.

மருத்துவப் பகுதியும் உருப்படியானது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையைச் சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கூச்சத்தில் நாலைந்து நாள் கழித்து எங்கள் கடைக்கு வந்து விசாரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்: முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குறைகளும் உண்டு. திருநங்கைகளுக்கான பகுதியைச் சாப்பாட்டுக்கு முன்னால் அவசரமாக முடித்தார்கள். அவர்கள் சொல்ல நிறைய வைத்திருந்தார்கள். நடித்துக் காட்டக் கொடுத்த தாளில் மெட்ராஸ் பேச்சு, நம்ம பிள்ளைகள் வாயில் ஒட்டவில்லை. எல்லாமே மதுவைப் பற்றித்தான். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை, வலி மாத்திரை கேட்டு வருகிறவர்களைத் தினமும் திருப்பி அனுப்புகிறவன் என்பதால், மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது தென்காசியில் நடத்தப் போகிறார்களாம். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் அண்ணாச்சிமார் யாராவது இதைப் படித்தால், ரூம் பையன்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே போங்கள்.