பழைய மவுண்டன் பைக்: அப்படியே மீட்பதா, தேயும் பாகங்களை மாற்றுவதா?

1990களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட குரோமோலி எஃகு மவுண்டன் பைக் ஒன்று என் கைக்கு வந்தபோது அதன் ஃப்ரேமில் விரிசலோ பள்ளமோ இல்லை. செயின் துருவேறி விறைத்திருந்தது. பிரேக் ரப்பர்கள் கல்லாக இறுகியிருந்தன. அலுமினிய சீட் போஸ்ட், எஃகுக் குழாய்க்குள் உப்புப் பூத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தகைய வண்டியை ஓடவைக்க விரும்புபவர் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அந்தக் காலத்துப் பாகங்களையே தேடிப்பிடித்து, முதல் நாள் இருந்த கோலத்துக்கே கொண்டுவருவது ஒரு வழி. ஃப்ரேமையும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் காப்பாற்றிக்கொண்டு, தேயக்கூடிய பாகங்களுக்கு மட்டும் இன்று உற்பத்தியில் இருப்பவற்றைப் பொருத்துவது இன்னொரு வழி. நான் இரண்டாவது வழியில் சென்றேன். வாரந்தோறும் மண்பாதையில் ஓட்டப்போகும் எவருக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

தோற்றம், எடை, மறுவிற்பனை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அசல் பாகங்களுடன் இருக்கும் வண்டிக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம். மவுண்டன் பைக்கைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்த 1981ஆம் ஆண்டு ஸ்டம்ப்ஜம்பர் போன்ற ஒன்று கிடைத்தால் அதில் ஒரு திருகைக்கூட மாற்றக் கூடாது என்பதே என் கருத்து. ஆனால் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. நல்ல ஃப்ரேமைக் கொண்ட, ஓட்டுவதற்காகவே செய்யப்பட்ட வண்டிகள் அவை.

எனக்கு முடிவைத் தீர்மானித்துத் தந்தது பராமரிப்புதான். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது, அடுத்த முறை இது தேய்ந்தால் மாற்று கிடைக்குமா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டேன். ஏழு வேகச் செயினும் கேசட்டும் (பின்சக்கரத்தில் உள்ள பல்வட்டுகளின் அடுக்கு) இன்றும் தயாராகின்றன. ஆகவே அசல் அமைப்பை வைத்திருப்பவருக்கு அவற்றால் தொல்லை இல்லை. சிக்கல் பின்சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பில் இருக்கிறது. அச்சை உருவி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, அச்சில் இருக்கும் கூம்பு வடிவக் கோனின் மீது நகத்தை வைத்து மெல்லச் சுற்றினேன். குண்டுகள் ஓடும் தடத்தில் ஓரிடத்தில் நகம் தட்டியது. வெளிச்சத்தில் பார்த்தபோது கடுகளவுகூட இல்லாத குழிகள் வரிசையாகத் தெரிந்தன. குழி விழுந்த கோனை எவ்வளவு நுணுக்கமாக இறுக்கினாலும் ஒன்று சக்கரம் ஆடும், இல்லையேல் முரமுரவென்று உரசும். அதே நீளமும் அதே வளைவும் கொண்ட கோன் கிடைத்தால் மாற்றிவிடலாம். ஆனால் ஹப்புக்குள் அழுத்திப் பொருத்திய கிண்ணத்திலும் குழி விழுந்திருந்தால் அந்த ஹப் முடிந்தது என்றே கொள்ள வேண்டும். என் ஹப்பில் இரண்டுமே போயிருந்தன.

ஹப்பை மாற்ற முடிவெடுத்த பிறகு மற்றவை சங்கிலித்தொடராக வந்தன. சக்கர அச்சு உட்காரும் பின்புற டிராப்அவுட்டுகளுக்கு இடையே அளந்தபோது 130 மி.மீ. இருந்தது, பின்னர் வந்த, சக்கர வளையத்தை அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக் கொண்ட மவுண்டன் பைக்குகளில் பரவலாக உள்ள ஹப்பின் அகலம் 135 மி.மீ. எஃகு ஃப்ரேம் பக்கத்துக்கு இரண்டரை மி.மீ. விரிந்துகொடுக்கும், இரு பக்கமும் சமமாக விரிந்ததா, கியர் மாற்றும் டெரெய்லர் தொங்கும் காது நேராக நிற்கிறதா என்று சரிபார்த்தால் போதும். அலுமினிய ஃப்ரேமை இப்படி விரிக்கக் கூடாது. அது வளையாமல் வெடித்துவிடும். அத்தகைய ஃப்ரேம் வைத்திருப்பவர் அசல் அகலத்திலேயே ஹப் தேடுவது நல்லது.

அந்த 5 மி.மீ. தந்த பயன் பெரிது. எட்டு வேகத்துக்கான ஃப்ரீஹப்பில் (ஹப்பில் கேசட் ஏறும் பகுதி) எட்டு, ஒன்பது, பத்து வேகக் கேசட்டுகள் பொருந்தும், 4.5 மி.மீ. வளையம் ஒன்றைச் சேர்த்தால் பழைய ஏழு வேகக் கேசட்டும் பொருந்தும். அதாவது எந்தக் கேசட் கிடைக்காமல் போனாலும் வேறொன்றைப் போட்டு ஓட்டலாம். நான் ஒன்பது வேகத்தில், 11 முதல் 36 பல் வரையிலான கேசட்டை எடுத்துக்கொண்டேன். முன்னால் இருந்த 26, 36, 46 பல் வட்டுகளை நீக்கிவிட்டு, அதே கிராங்க்கில் 34 பல் கொண்ட ஒற்றை வட்டைப் பொருத்தினேன். செயின் நழுவாதபடி பற்கள் தடிமனாகவும் மெல்லியதாகவும் மாறி மாறி வரும் வட்டு அது. பழைய அமைப்பில் ஏற்றத்துக்கான மிகச் சிறிய கியர் 26க்கு 28, அதாவது முன்பற்களைப் பின்பற்களால் வகுத்தால் 0.93, புதியதில் 34க்கு 36, அதாவது 0.94. ஏற்றத்தில் எதையும் இழக்கவில்லை. சமதளத்தில் இழப்பு உண்டு: முன்பு 46க்கு 12 என்று 3.83 வரை கிடைத்தது, இப்போது 3.09தான். நெடுஞ்சாலையில் விரைந்து செல்பவர் மூன்று வட்டுகளையும் வைத்துக்கொள்ளலாம். காட்டுப் பாதையில் எனக்கு அந்தக் குறை தெரியவில்லை.

பழைய வழியின் மீது எனக்குள்ள மரியாதை முழுவதும் கட்டைவிரலால் தள்ளும் ஷிஃப்டரில்தான் இருக்கிறது. ஹேண்டில்பாரின் மேல் உட்காரும் அந்தச் சிறு நெம்புகோலை மட்டும் நான் மாற்றவில்லை. படிப்படியாக நகரும் முறையிலிருந்து, படிகள் இல்லாத உராய்வு முறைக்குத் திருப்பிவிட்டால் அதற்கு ஏழு என்றோ ஒன்பது என்றோ கணக்கில்லை. கை உணரும் இடத்தில் கியர் விழும். பின்னாளில் வந்த விசை ஷிஃப்டர்களில் உள்ளே கிரீஸ் இறுகிப் பற்சக்கரம் பிடிக்காமல் போவது வழக்கமான கோளாறு. இதில் அப்படிக் கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பிரேக்கில் இரண்டு வழிகளும் ஏறத்தாழச் சமம். அசல் கான்டிலீவர் பிரேக்குக்குப் புதிய ரப்பரும் கேபிளும் போட்டு, கோணத்தைப் பொறுமையாகச் சரிசெய்தால் நன்றாகவே நிற்கும். 1996இல் வந்த வி-பிரேக் கான்டிலீவர் பிரேக் இருந்த அதே முளைகளில் பொருந்தும். சரிசெய்வது எளிது, பிடிப்பும் அதிகம். ஆனால் அது கேபிளை ஏறக்குறைய இரு மடங்கு இழுக்க வேண்டியிருப்பதால் பிரேக் பிடியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பிடியோடு இணைத்தால், ரப்பர் ரிம்மை முழுமையாக அழுத்துவதற்கு முன்பே பிடி ஹேண்டில்பாரில் முட்டிவிடும். இறக்கத்தில் அது ஆபத்து. நான் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்.

ஃபோர்க்கைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. என்னுடையது சஸ்பென்ஷன் இல்லாத எஃகு ஃபோர்க். அதைத் துடைத்து அப்படியே விட்டேன். நண்பர் ஒருவரின் அக்காலத்துச் சஸ்பென்ஷன் ஃபோர்க்கைத் திறந்தபோது உள்ளே இருந்த ரப்பர் போன்ற எலாஸ்டோமர் கட்டைகள் விரலில் பொடிந்தன. ஆனால் காற்றும் எண்ணெயும் கொண்ட வகையை நான் பிரித்துப் பார்த்ததில்லை. புதிய 100 மி.மீ. ஃபோர்க் போடுவதை மட்டும் தயங்காமல் எதிர்ப்பேன். அது முன்பகுதியை ஆறேழு சென்டிமீட்டர் உயர்த்தி, ஹேண்டில் கோணத்தை ஏறத்தாழ மூன்று பாகை சாய்த்துவிடும். வண்டியின் வளைந்து திரும்பும் குணமே மாறிப்போகும்.

சக்கர அளவையும் மாற்ற வேண்டியதில்லை. 26 அங்குல டயர்கள் இன்னும் கிடைக்கின்றன. அவற்றுக்கான 559 மி.மீ. ரிம்முக்குப் பதில் அதைவிடப் பெரிய 584 மி.மீ. ரிம்மைப் போட்டால், பிரேக் ரப்பர் உட்கார வேண்டிய இடம் 12.5 மி.மீ. மேலே போய்விடும்.

என் வண்டியில் எங்கும் துளையிடவில்லை, எதையும் பற்றவைக்கவில்லை. மூன்று வட்டுகளும் கான்டிலீவர் பிரேக்குகளும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றப்பட்டு ஒரு பெட்டியில் இருக்கின்றன. குழி விழுந்த அந்த ஹப்பையும், ஸ்போக்குகளை வெட்டி எடுத்த பிறகு, அதனுடனேயே வைத்திருக்கிறேன்.