பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் போன வாரம் மின்தூக்கிக்காகக் காத்திருக்கும்போது கைப்பேசியை நீட்டினார். என் வீட்டில் இருக்கும் அதே ஸ்டீரியோ ரிசீவர், வானொலியும் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக இருக்கும் பெட்டி. நான் 429 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கியது, இப்போது 329. "அக்கா, உங்க வீட்ல ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடுதே, வாங்கலாமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்பதற்குள் மின்தூக்கி வந்துவிட்டது, உள்ளே ஏழெட்டுப் பேர். அப்படி ஒரே வார்த்தையில் முடித்தது அவருக்கும் நியாயமில்லை, அந்தப் பெட்டிக்கும் நியாயமில்லை. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

100 வாட், புளூடூத், பின்னால் நாலு ஜோடி உள்ளீடு, எஃப்எம் என்பதெல்லாம் அட்டைப்பெட்டி மேலேயே இருக்கிறது, அதற்குள் போகவில்லை. நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பழைய ரிசீவர் அப்பா சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் வாங்கியது. 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடினார்கள். அதற்கும் பல வருடம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, 60 வெள்ளிக்குப் பேரம் பேசி, துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே ஈசூனுக்குக் கொண்டுவந்தார். வெள்ளி நிற முகப்பு, கை நிறையப் பிடிக்கிற மாதிரி பெரிய வால்யூம் குமிழ், அதன் பக்கத்தில் 'லவுட்னஸ்' என்று ஒரு சின்னப் பொத்தான். அந்தப் பொத்தானைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு வந்த நோய் பழைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சத்தம் குறைவாக இருக்கும்போது இடது ஸ்பீக்கர் காணாமல் போகும். குமிழைச் சட்டென்று ஏற்றி இறக்கினால் திரும்பி வரும். உள்ளே ஸ்பீக்கரைப் பாதுகாக்க ஒரு ரிலே, அதாவது தானாகத் திறந்து மூடும் சுவிட்ச், இருக்கிறது. நம் ஊர் ஈரக் காற்றில் அதன் முனைகளில் மெல்லிசாக ஒரு படலம் படிந்துவிடும். குறைந்த மின்னோட்டம் அந்தப் படலத்தைத் தாண்டாது, சத்தத்தை ஏற்றினால்தான் தாண்டும். ஒரு முறை ரிலேயை மாற்றினோம், ஒன்றரை வருடம் ஓடியது. அடுத்த முறை திறந்தபோது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெபாசிட்டர்கள் தலை உப்பிக் கிடந்தன. "இதுக்கு மேல காசு போடாதீங்க" என்று ரிப்பேர் செய்பவரே சொல்லிவிட்டார்.

மாற்றுப் பெட்டிக்கு நான் ஒதுக்கியது 450 வெள்ளி. ஸ்பீக்கர் பழையதே போதும். முதலில் இரண்டாம் கைக்குத்தான் ஆசைப்பட்டேன். கேரோசல் இணையத்தளத்தில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ரிசீவர்கள் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. நல்ல வேளை, ஒரு படத்தைப் பெரிதாக்கி எஃப்எம் அளவுகோலைப் பார்த்தேன். 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடுகிறது. ஜப்பானுக்கென்று செய்த பழைய பெட்டிகளின் எஃப்எம் அவ்வளவுதான். அதில் எந்தக் காலத்திலும் நம் தமிழ் வானொலி, ஒலி 96.8, கேட்காது. போதாக்குறைக்கு அவை 100 வோல்ட், நம் வீட்டுச் சுவரில் 230. அமெரிக்காவிலிருந்து வருகிறவற்றில் வேறொரு சங்கடம். அங்கே நிலையங்கள் 96.7, 96.9 என்று ஒற்றைப்படையில்தான் இருக்கும், அதனால் சில பெட்டிகள் 0.2 படியில் தாவித் தாவிப் போகும், 96.8இல் நிற்கவே நிற்காது. வானொலி கேட்கிற வீடு என்றால் இரண்டாம் கைப் பெட்டிக்குக் காசைக் கொடுக்கும் முன் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

அடெல்ஃபியில் இருக்கும் ஹைஃபை கடைகளுக்கும் ஒரு சனிக்கிழமை போய்வந்தேன். அங்கே பிடித்த எதுவும் என் காசுக்கு எட்டவில்லை. ஆனால் உட்கார்ந்து கேட்டதில் ஒன்று தெளிவானது, 450 வெள்ளிப் பெட்டிக்கும் 900 வெள்ளிப் பெட்டிக்கும் என் காதுக்கு அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை வாங்கினேன்.

வாங்கிய முதல் வாரம் எனக்கு அத்தனை சந்தோஷம். முக்கியமாக எஃப்எம்.

கூடவே கொடுக்கும் ஏரியல், டி வடிவத்தில் ஒரு மெல்லிசு கம்பி, அவ்வளவுதான். அதைச் சுருட்டியபடியே பெட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் எஃப்எம் சரியில்லை என்கிறார்கள். அந்தக் கம்பியின் நீளம் ஏனோதானோவென்று வெட்டியது கிடையாது. 96.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.1 மீட்டர், அதில் பாதி ஒன்றரை மீட்டர். கைகள் இரண்டையும் முழுசாக விரித்தால்தான் வேலை செய்யும். நம் கான்கிரீட் சுவருக்குள் கம்பி கம்பியாக இரும்பு இருக்கிறது, அதனால் இடமும் முக்கியம். ஒலிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக்கில், எங்கள் வீட்டிலிருந்து தென்மேற்கு. கூடத்து ஜன்னலின் திரைக்கம்பிக்கு மேலே, கம்பியின் அகலவாட்டம் அந்தத் திசையைப் பார்க்கும்படி விரித்துக் கட்டினேன். இரைச்சல் நின்றுவிட்டது. அறிவிப்பாளர் மூச்சு இழுப்பது கேட்டது. அப்பா சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்துவந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்றார். "இவ்வளவு நாள் இது எங்கம்மா இருந்துச்சு?" என்றார். பழைய பெட்டியில்கூட அப்படிக் கேட்டதில்லை என்று சொன்னதும் அவர்தான்.

இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது, ஒரு பழுதில்லை. சூடாவதில்லை. மேல்தட்டைத் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவே. பகலில் சத்தமாக வைத்தால் தவில் உருட்டு நெஞ்சில் வந்து விழுகிறது. தொலைக்காட்சி, சிடி, புளூடூத் எல்லாம் சொன்னபடி வேலை செய்கின்றன. இதுவரை படித்தவர்கள் வாங்கலாம் என்றுதான் நினைப்பீர்கள்.

பிரச்சினை இரவு பத்தரைக்கு மேல்.

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சொல்லும் அமைதி நேரம் இரவு 10.30 முதல் காலை 7 வரை. எங்களுக்கு மேல்வீட்டில் கைக்குழந்தை, பக்கத்து வீட்டில் தாதியாக வேலை பார்க்கும் பெண், அதிகாலையில் கிளம்ப வேண்டியவர். அம்மா போன பிறகு அப்பா தூக்கம் வராமல் பன்னிரண்டு மணிவரை வானொலி கேட்பார். மெதுவாக. அவருக்கு வேண்டியது அந்த ஒன்றுதான், வீடும் அண்டைவீடும் தூங்கும்போது மெதுவாக ஒரு பாட்டு.

இந்தப் பெட்டியின் வால்யூம் குமிழ் பழைய மாதிரி வழுவழுவென்று சுற்றாது. அது எண்களாகத் தாவும். மேலே 30, 40 பக்கம் ஒவ்வொரு தாவலும் சின்னது, காதுக்கே தெரியாது. கீழே போகப் போகத் தாவல் பெரிதாகிறது. எஃப்எம்மில் 11 வைத்தால் அப்பாவுக்குக் கேட்காது, பாடகர் குரல் மட்டும் ஏதோ அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் இருக்கும். 12 வைத்தால் எனக்குப் படுக்கையறையில் கதவைச் சாத்திய பிறகும் வரிகள் புரியும். கைப்பேசியில் டெசிபல் செயலி போட்டுப் பார்த்தேன். அது துல்லியமான கருவி கிடையாது, ஆனால் வித்தியாசத்தைக் காட்டும். இரண்டுக்கும் நடுவே 4 டெசிபல். பழைய குமிழில் அந்த நாலுக்குள் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். அப்பாவின் விரலுக்கு அந்த இடம் தெரியும், விளக்கைப் போடாமலே வைப்பார்.

100 வாட் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்களே, அதை இங்கே வைத்துப் பாருங்கள். எங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தருகிறது. சாதாரணப் பேச்சு சுமார் 60. கணக்குப்படி, பேச்சைவிடக் கொஞ்சம் மெதுவாக அப்பா இரவில் கேட்கும் சத்தத்துக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு அந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான் வாழ்க்கை. அந்த இடத்தில் கவனமாகச் செய்யாமல், நாம் ஒருநாளும் தொடப்போகாத 100 வாட்டுக்கு விளம்பரம் செய்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

லவுட்னஸ் பொத்தானும் இதே கதைதான். சத்தம் குறையும்போது நம் காது முதலில் இழப்பது அடிநாதத்தை. 1933இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து வரைபடமே போட்டுவிட்டார்கள். அதை ஈடுகட்டத்தான் அந்தப் பொத்தான், அழுத்தினால் மெல்லிய சத்தத்திலும் மிருதங்கம் மிருதங்கமாகக் கேட்கும். புதியதில் அது இல்லை. ரிமோட்டை எடுத்து, மெனுவுக்குள் போய், பேஸ் என்று தேடி, நாலு முறை அழுத்த வேண்டும். காலையில் மறுபடி குறைக்க வேண்டும். 76 வயதில் யார் அதைச் செய்வார்கள்?

சும்மா புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. காரணத்தைத் தேடினேன், பாதி கிடைத்தது. சிடி பிளேயர் வெளியே தருவது 2 வோல்ட் வரை. பெரும்பாலான ரிசீவர்களுக்கு 0.2 வோல்ட் போதும். பத்து மடங்கு அதிகம், அதனால்தான் குமிழைக் கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறுகிறது. சிம் லிம் டவருக்குப் போய் 10 கிலோ ஓம், 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்), நாலு ஆர்சிஏ முனை (ஆடியோ கம்பியைச் செருகும் முனை) வாங்கிவந்தேன், பத்து வெள்ளிகூட ஆகவில்லை. பெரியதைப் பாட்டு வரும் வழியில் தொடராக, சிறியதைத் தரைக்குக் குறுக்காக வைத்து ஈயம் பற்றவைத்தேன். கிட்டத்தட்ட கால்பங்காகக் குறைந்தது, 12 டெசிபல். சிடியில் முன்பு ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே திண்டாடியவள், இப்போது குமிழை இன்னும் மேலே வைத்து நிதானமாக ஏற்றி இறக்குகிறேன். தொலைக்காட்சிக்கும் ஒரு ஜோடி செய்தேன். புளூடூத்துக்கு ஒன்றும் வேண்டாம், கைப்பேசியிலேயே குறைத்துக்கொள்ளலாம். உங்கள் பெட்டியிலும் இதே தொல்லை என்றால் புதுசு வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

ஆனால் எஃப்எம்முக்கு? வானொலி அலையைப் பிடிக்கும் ட்யூனர் பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. நடுவில் எதையும் செருக முடியாது. இந்தப் பெட்டியில் எது ஆகச் சிறந்ததோ, எதற்காக வாங்கினேனோ, அதை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. ஸ்பீக்கர் கம்பியில் ரெசிஸ்டர் வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்படி வைத்தால் ஸ்பீக்கரின் மேல் ரிசீவருக்கு இருக்கும் பிடி தளர்ந்து குரலின் நிறமே மாறிவிடும், எனக்கு மனசு வரவில்லை. கைப்பேசியில் மீலிசன் என்ற வானொலிச் செயலியில் ஒலி 96.8 கேட்கிறதே, அதைப் புளூடூத்தில் அனுப்பலாமே என்றான் என் மகன். சரியான யோசனைதான், ஒரு வாரம் செய்தும் பார்த்தோம். அப்பா கைப்பேசியைத் தேட வேண்டும், அப்புறம் கண்ணாடியைத் தேட வேண்டும், நடுவில் வாட்ஸ்அப் வந்தால் அந்த டிங் சத்தம் ஸ்பீக்கரில் வரும். எட்டாம் நாள் அவரே மறுபடி எஃப்எம் பொத்தானை அழுத்திவிட்டார். ஒரு பொத்தானில் வானொலி வர வேண்டும் என்று அவர் கேட்பதில் என்ன தப்பு?

இனி தம்பிக்கு. நீங்கள் வானொலி கேட்பதில்லை, எனக்குத் தெரியும். தொலைக்காட்சியும் கைப்பேசியும்தான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 329 வெள்ளிக்கு இதைவிட நல்லது கிடைக்காது. ஆனாலும் நான் சொன்ன வேண்டாம் வேண்டாம்தான். கடையில் போய்க் குமிழை 8, 9, 10 என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேளுங்கள். கடைக்காரர் சத்தமாக வைத்துக் காட்டத்தான் பார்ப்பார், விடாதீர்கள். ஏசியை மீறிக் கேட்காது என்றால் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வையுங்கள். கீழே வழுவழுவென்று இறங்குகிற பெட்டி எதுவோ, 50 வெள்ளி அதிகமானாலும் அதை வாங்குங்கள். உங்கள் வீட்டிலும் அம்மா இருக்கிறார்கள், ஒருநாள் அவர்களுக்கும் ராத்திரியில் மெதுவாக ஒரு பாட்டு வேண்டியிருக்கும்.

இதை எழுதும்போது மணி 10.40. கூடத்தில் 11இல் வைத்திருக்கிறார், எண் இங்கிருந்தே பச்சையாகத் தெரிகிறது. கொஞ்ச நாளாக அவரே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார், நாற்காலியை இழுத்து இடது ஸ்பீக்கருக்கு முன்னால், முழங்கால் இடிக்கிற தூரத்தில் போட்டுக்கொள்கிறார். ஸ்டீரியோ போய்விடுகிறது, ஒரு பக்கம்தான் கேட்கும். இழுக்கும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று நாற்காலியின் நாலு காலுக்கும் அடியில் கம்பளித் துண்டு ஒட்டிவைத்திருக்கிறேன்.