சிப்ஸ் கவரை எங்கே அனுப்புவது: பாட்டிலுக்கா, தார்ச் சாலைக்கா, சிமென்ட் சூளைக்கா?

முதலில் பால் கவரைத் தனியாக எடுத்துவிடுங்கள். அது வெறும் பாலிதீன். கழுவிக் காயவைத்தால் பழைய பொருள் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். முனையை முழுசாக நறுக்கி எறியாமல், துண்டு கவரிலேயே ஒட்டியிருக்கும்படி கீறுங்கள். அந்தக் குட்டி முக்கோணத் துண்டை யாராலும் பொறுக்க முடியாது, கடைசியில் சாக்கடைக்குத்தான் போகும்.

சிக்கல் சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு கவர்களில்தான். உள்ளே வெள்ளி நிறம், கசக்கினால் மறுபடி விரியும். இரண்டு மூன்று வகைப் படலங்களும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிடப்பதால் உருக்கிப் பிரிக்க முடியாது. அதனால் இதைக் கடைக்காரர் தொடமாட்டார். குடியிருப்போர் சங்கங்கள் இதற்கு மூன்று வழிகளைப் பேசுகின்றன.

பள்ளிகளுக்குப் பிடித்தது பாட்டில் செங்கல். காலி தண்ணீர் பாட்டிலுக்குள் கவர்களைக் குச்சியால் குத்தி அடைத்து, செங்கல்லுக்குப் பதில் அடுக்கிக் கட்டுவது. ஒரு மில்லிலிட்டருக்கு 0.33 கிராமாவது இறங்கவேண்டும். ஒரு லிட்டர் பாட்டில் என்றால் 330 கிராம். ஒரு சின்ன சிப்ஸ் கவர் ஐந்து கிராமைத் தாண்டாது. எனவே ஒரு பாட்டிலுக்கு 66 கவருக்குக் குறையாமல் வேண்டும், அத்தனையும் காய்ந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ உள்ளே போனால் பூஞ்சை பிடித்து வாயு சேரும், மூடி உப்பும். வெயில் பட்டால் பாட்டில் நொறுங்கும் என்பதால் மண்ணோ சிமென்டோ பூசியே ஆகவேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு: நல்ல விலைக்குப் போகும் பெட் பாட்டில் ஒன்று இதில் முடங்குகிறது. தோட்டத்தில் ஒரு திண்ணை கட்டியபின் அடுத்த மாதக் கவருக்கு என்ன செய்வது?

தார்ச் சாலை நம் மதுரைச் சரக்கு. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். இதில் பிளாஸ்டிக்கைத் தாரில் கலப்பதில்லை. சுமார் 160, 170 டிகிரி சூட்டில் இருக்கும் ஜல்லிமேல், சில மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கிய கவரைத் தூவுகிறார்கள். அது உருகிக் கல்லுக்குச் சட்டை போட்டதுபோல் படிந்த பிறகே தார் சேரும். தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து குழி பறிப்பது அதனால் குறைகிறது. அளவு, ஒரு டன் தாருக்கு 60 முதல் 80 கிலோ. அலுமினியம் பூசிய மெல்லிய கவரும் போகலாம். பி.வி.சி மட்டும் கூடவே கூடாது: பழைய பேனர், ரெக்சின் துண்டு கலந்தால் அமிலப் புகை கிளம்பும். ஈரக் கவர் கட்டிதட்டும், மண் ஒட்டிய கவர் கல்லில் படியாது. ஆனால் சாலை போடும் காலத்தில்தான் ஆள் தேடி வருவார்கள், மழைக்காலத்தில் மூட்டை உங்கள் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கும். துண்டாக்கும் இயந்திரம் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

சிமென்ட் சூளை கேட்க அழகாக இல்லை, எரிப்பதுதான். இதை மறுசுழற்சி என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. ஆனாலும் தெருமுனையில் கொளுத்துவதோடு இதை ஒப்பிட முடியாது. உள்ளே பொருளின் சூடு 1,450 டிகிரி, சுண்ணாம்பு அமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும், சாம்பல் கிளிங்கரோடு (அரைத்தால் சிமென்டாகும் கட்டி) கலந்துவிடும், அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சமாகும். குளோரின் கூடினால் சூளைக்குள் படிவு கட்டி அடைத்துக்கொள்ளும், ஈரம் கூடினால் வெப்பம் வீணாகும். இந்த இரண்டுக்காகத்தான் லாரியைத் திருப்பி அனுப்புவார்கள். பிஸ்கட் கவர், ஷாம்பு கவர் என்று தனித்தனியாகப் பிரிக்கத் தேவையில்லை, வருஷம் முழுக்க வாங்குவார்கள்.

இருநூறு வீட்டுக் குடியிருப்பு என்றால் எங்கள் ஓட்டு சூளைக்கு, அதுவும் உள்ளாட்சியின் உலர்கழிவு மையம் வழியாக. சங்கமே தனி வண்டி பிடித்தால் கட்டாது: கவர் எடை குறைவு, இடம் மட்டும் அடைக்கும். பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைக்கான 2022 திருத்த விதிகளில், பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் சேர்ந்த பல அடுக்குக் கவர் மூன்றாம் வகை. அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. எனவே எடுத்துச்செல்ல வருபவர் பணம் கேட்டால், எந்த நிறுவனத்தின் கணக்கில் அந்த எடை போகிறது என்று முதலில் கேளுங்கள்.